எரிந்தானா, எரியவில்லையா? திம்புள்ளத் தோட்டங்களின் வழிபாட்டில் ஐயத்தின் இடம்

1. கேள்வி

சனவரி தொடங்கி மார்ச் வரை இலங்கை மலையகத்தின் திம்புள்ளப் பள்ளத்தாக்கில் வறண்ட குளிர்காற்று வீசும். தேயிலை மெல்லத்தான் துளிர்க்கும். அந்தத் துளிருக்கு மணம் அதிகம். கொழும்பு ஏலத்தில் திம்புள்ளத் தேயிலை பேர்வாங்கும் பருவம் அது. மலையில் கூடையோடு நிற்பவருக்கோ கொழுந்து குறைந்த பருவம். தலவாக்கலை, லிந்துலை, பத்தனை, கொட்டகலைச் சுற்றுவட்டத் தோட்டங்களில் காமன் கூத்து இந்தப் பருவத்தில், மாசி மாதத்தில்தான் வரும். வளர்பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். இரதி, மதன் (காமன்) வேடம் கட்டும் ஆண்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். கூத்து மாஸ்டர் அடியெடுத்துக் கொடுக்க, தப்பு முழங்க, லயத்து ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க மதன் எரிவான். இரதி அழுவாள், தேவர்கள் ஏவிய வேலைக்குப் போனவனை எரித்தது என்ன நியாயம் என்று அழுகையினூடே கேட்பாள்.

அந்தக் கேள்வி சிவனை நோக்கியது. கேட்கும் இரதியும் அந்த இரவில் தெய்வம்தான். ஒரு சாமியின் நியாயத்தை இன்னொரு சாமி சந்தேகிக்கிறது. ஊர் அதைக் கும்பிட்டுக்கொண்டே பார்க்கிறது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஐயம் நம்பிக்கையை அரித்துவிடும் என்பது பழைய எண்ணம். ஐயப்பட்டவனே ஆழமாக நம்புகிறான் என்ற மறுதலையும் இப்போது மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. இரண்டுமே ஐயத்தைத் தனிமனித மனசுக்குள் நடக்கும் சங்கதியாக எடுத்துக்கொள்கின்றன. மலையகத் தோட்டங்களின் வழிபாட்டைக் கூர்ந்து பார்த்தால் வேறொரு ஏற்பாடு தெரிகிறது. அங்கே ஐயப்படுவதற்கென்று சடங்குக்குள்ளேயே ஓர் ஆளும் ஓர் இடமும் ஒரு நேரமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் சந்தேகிக்க, ஊர் சாட்சியாக நிற்க, தெய்வம் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லும் கடமை தெய்வத்தின்மீது ஏறுவதால்தான் நம்பிக்கைக்குக் கனம் கூடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு வரம்புகளும் உண்டு. பிற்பகுதியில் அவற்றுக்கு வருகிறேன்.

2. இதுவரையான பார்வைகள்

தோட்டக் கோயிலைப் பற்றிய வலுவான விளக்கம் உழைப்புக் கட்டுப்பாட்டைச் சார்ந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, மலைநாடு தேயிலைக்கு மாறியது. பருவத்துக்கு வந்துபோன கூலிகள் ஆண்டு முழுவதும் லயத்தில் தங்க வேண்டியவர்களானார்கள். தங்குபவர்களுக்குக் கோயில் வேண்டும். துரை நிலமும் மரமும் திருவிழாவுக்கு லீவும் கொடுத்தார். பெரியகங்காணி முதல் மரியாதை வாங்கினார். கோயில் சந்தா சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. இந்தக் கோணத்தில் மாரியம்மன் கோயிலும் விடியலில் ஆட்களைத் திரட்டும் பெரட்டுக்களமும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு முனைகள். இதை ஒதுக்கித்தள்ள முடியாது. விடியலில் ஆட்களை வேலைக்கு அழைத்த தப்பும், சாவுக்கும் சாமிக்கும் கூத்துக்கும் அடித்த தப்பும் ஒன்றே; அடிதான் வேறு.

அடையாளத்தை முன்வைக்கும் ஆய்வுகள் அடுத்து வந்தன. ஒட்வார் ஹொலப் 1994இல் வெளியிட்ட நூலில் தோட்டங்களில் சாதி எப்படித் தங்கி நிற்கிறது என்று ஆராய்ந்தார். டானியல் பாஸ் 2013இல் வெளியிட்ட நூலில் மலையகத் தமிழர் என்ற தன்னுணர்வு அன்றாட வாழ்விலும் விழாக்களிலும் எவ்வாறு திரள்கிறது என்று பார்த்தார். இன்னொரு பக்கம் பகுத்தறிவு இயக்கம். பெரியார் 1932இல் ஐரோப்பியப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கிப் பேசினார். பின்னாளில் தோட்டங்களில் செல்வாக்குப் பெற்ற இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தை அரசு 1962இல் தடைசெய்தது. அந்த இயக்கத்தாருக்குக் காமன் பண்டிகையும் தீமிதிப்பும் ஆளை மயக்கும் மூடநம்பிக்கைகள்.

இம்மூன்றும் நம்பிக்கை என்ன செய்கிறது என்று கேட்கின்றன: அடக்குகிறது, சேர்க்கிறது, மயக்குகிறது. நம்புகிறவர் எப்படி நம்புகிறார் என்பது இவற்றின் கேள்வியாக இல்லை. கும்பிடுகிறவரின் மனம் ஒரே கட்டியாக இருக்கிறது என்று மூன்றுமே சொல்லாமல் எடுத்துக்கொள்கின்றன. இதில் பகுத்தறிவாளரும் பக்தரும் ஒரே கட்சி என்பது கொஞ்சம் வேடிக்கை.

ஐயத்தைப் பற்றிச் சமயங்களே சொல்லியிருப்பதும் ஒருமுகமானதில்லை. கேசபுத்த ஊரின் காலாமர்களுக்குப் புத்தர் சொன்ன உபதேசம், கேள்விப்பட்டதாலோ மரபென்பதாலோ ஒன்றை ஏற்காதே என்பதற்கு இன்று எங்கும் மேற்கோளாகிறது. அதே பாலி நூல்களில் விசிகிச்சை, அதாவது தள்ளாட்டம், தியானத்தைத் தடுக்கும் ஐந்து தடைகளில் ஒன்று. நியாய தரிசனம் தன் பதினாறு பொருள்களில் ஐயத்தையும் ஒன்றாக வைத்து, ஆராய்ச்சியை அதிலிருந்து தொடங்குகிறது. மணிமேகலையில் சமயவாதிகள் பேசும் 27ஆம் காதை, பிழைபட்ட அறிவு வகைகளை அடுக்கும்போது ஐயத்தைச் சேர்க்கிறது. பக்கத்திலேயே ஆராயாமல் தெளிந்துவிடுவதையும் சேர்க்கிறது. சந்தேகத்தில் நின்றுவிடுவதும் சந்தேகப்படாமலே முடிவுக்கு வருவதும் சம குற்றம் என்ற இந்த நிலைப்பாடு, இன்றைய இருதரப்புப் பேச்சுகளைவிட நுட்பமானது.

இருபதாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் பவுல் டில்லிக் 1957இல் வெளியிட்ட நூலில், ஐயம் நம்பிக்கையின் உள்ளுறுப்பு என்றும், நம்புவது துணிந்து இறங்குவது என்பதால் அதில் ஐயம் தவிர்க்க முடியாதது என்றும் வாதிட்டார். நல்ல வாதம். ஆனால் டில்லிக்கின் ஐயக்காரர் தனியாள்; இரவில் தன் அறையில் விழித்திருப்பவர். பத்தடிக்குப் பத்தடி லயக்காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கிய மக்களின் ஐயத்தை அந்த அறையிலிருந்து பார்க்க முடியாது.

3. 'நீ யாரு?'

மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலித்து வரும்போது யார்மீதாவது சாமி இறங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கணம் முழு நம்பிக்கையின் உச்சமாகத் தெரியும். பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் செய்வதைக் கவனித்தால் கதை மாறும். அவர்கள் உடனே விழுந்து கும்பிடுவதில்லை. விசாரிக்கிறார்கள். 'நீ யாரு? எந்த எல்லையில இருந்து வந்திருக்க? என்ன வேணும் ஒனக்கு?' வந்திருப்பது தாயா, செத்த ஆவியா, அல்லது சாராயமா என்பது தெரிய வேண்டும். உள்ளங்கையில் கற்பூரத்தைக் கொளுத்தி வைப்பார்கள். எலுமிச்சம்பழத்தை மறைத்து வைத்து எடுக்கச் சொல்வார்கள். தடுமாறினால் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். 'சும்மா ஆடுறான்' என்று சொல்லித் திருநீறு பூசி இறக்கி உட்காரவைத்துவிடுவார்கள். பேர் சொல்லி, எல்லை சொல்லி, சோதனையில் நின்ற பிறகே அது சாமி; அதற்குப் பிறகுதான் குறி கேட்பது.

குறி கேட்பதிலும் இதே போக்குத்தான். கோடாங்கி உடுக்கடித்துச் சொல்வதை வீட்டார் அப்படியே ஏற்பதில்லை. சொன்னதில் ஒன்று பொருந்தவில்லை என்றால் 'அது இல்ல, சரியாப் பாரு' என்பார்கள். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிச் சிறுபிள்ளையை எடுக்கச்சொல்லும் பூவாக்கில், விடை மனசுக்கு ஒப்பவில்லை என்றால் மறுபடியும் கேட்பதுண்டு. இசபெல் நபோகொவ், தென்னார்க்காட்டுச் சடங்குகளைப் பற்றி 2000இல் வெளியிட்ட நூலில், இறங்கிய சக்தியைப் பேர் சொல்ல வைக்கும் விசாரணைகளை விரிவாகப் பதிந்திருக்கிறார். மலையகத்தார் இந்த வழக்கத்தைக் கடல்கடந்து கொண்டுவந்தவர்களே.

இங்கே எழும் ஐயம், கடவுள் உண்டா என்பது பற்றியதில்லை. 'இது கடவுள்தானா' என்பது பற்றியது. முன்னதைவிட இது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடவுள் உண்டு என்று பொதுவாக ஒப்புக்கொள்வதில் யாருக்கும் செலவில்லை. எதிரில் நிற்கும் இந்தக் குரலுக்கு நான் கட்டுப்பட வேண்டுமா என்பதுதான் செலவுள்ள கேள்வி. பொய்ச்சாமியை மறுக்கத் தெரிந்த ஊரில்தான் மெய்ச்சாமியின் வாக்குக்கு மதிப்பு.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, தோட்டங்களில் புதிதாகப் பிறந்த தெய்வங்கள். கவ்வாத்து வெட்டப் போகுமுன் கும்பிடும் கவ்வாத்துச்சாமி, கொழுந்துச்சாமி, ஸ்டோரில் சுழலும் சக்கரத்துக்குரிய ரோதமுனி. சொந்த ஊரிலிருந்து வந்த முனியாண்டியும் மாடசாமியும் மதுரைவீரனும் கூடவே இருக்க, இவை ஏன் தேவைப்பட்டன? வயலும் வரப்பும் அறிந்த சாமிக்கு இந்த இயந்திரத்தின் பல்லில் கை சிக்குவது எப்படியென்று தெரியுமா என்ற சந்தேகம் இதில் ஒளிந்திருக்கிறது என்பது என் ஊகம். பழைய தெய்வத்தைக் கைவிடாமல், அதன் அதிகார எல்லையை மட்டும் ஐயுற்று, அந்த இடைவெளியில் புதுத் தெய்வத்தை நட்டிருக்கிறார்கள். ஐயம் வழிபாட்டைப் பெருக்கியதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம்.

4. இரதியின் வழக்கு

காமன் கதை தமிழில் பலகாலம் பழகியது. சிலப்பதிகாரத்தில் தேவந்தி, காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று சொல்ல, அது தனக்குப் பெருமையில்லை என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில் ஆண்டாள் அதே காமனைத் தொழுது தன்னைத் திருமாலோடு சேர்க்கச் சொல்கிறாள். ஒருத்தி மறுத்தாள், ஒருத்தி வேண்டினாள்; மரபு இருவரையும் வைத்துக்கொண்டது. காமனைச் சிவன் எரித்த இடமாக மயிலாடுதுறைப் பக்கத்துத் திருக்குறுக்கை அட்டவீரட்டத் தலங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகை ஒரு விசித்திரமான வாதத்தை வளர்த்தது. மராட்டியர் ஆட்சியில் அங்கே வேரூன்றிய லாவணியில் இரண்டு கட்சிகள் எதிரெதிரே உட்கார்ந்து பாடும். மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. புராணம், தர்க்கம், கிண்டல் எல்லாம் வரும், இரவு போய்விடும், தீர்ப்பு வராது. முடியாத வழக்கடிக்கு எரிந்த கட்சி எரியாத கட்சி என்று பேர் வந்ததே இதனால்தான். திருவிழாவின் மையக் கதை உண்மையில் நடந்ததா என்று அந்தத் திருவிழாவிலேயே பந்தல் போட்டு வாதாடுகிற சமயம் உலகில் அதிகமிருக்காது.

வாதம் தீராததற்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது. கந்தபுராணம் சொல்வதன்படி, சூரபன்மனை அழிக்கச் சிவனுக்கு ஒரு மகன் பிறக்க வேண்டும்; சிவனோ தவத்தில். தேவர்கள் காமனை ஏவுகிறார்கள், அவன் எரிகிறான். பின்னர் சிவன் உமையை மணக்கும்போது இரதி வேண்ட, காமன் உயிர் பெறுகிறான், ஒரு நிபந்தனையோடு: அவன் உருவம் இரதிக்கு மட்டும் தெரியும்; மற்றவர்க்கு அவன் உருவிலி. அப்படியானால் ஊரார் கண்ணுக்கு எரிந்த கட்சி சொல்வது சரி, இரதியின் கண்ணுக்கு எரியாத கட்சி சொல்வது சரி. சான்று அவளிடம் மட்டும் இருக்கிறது. கேட்டவளுக்கே அது காட்டப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் இதே கதை வேறு விதமாகப் புழங்குகிறது. அங்கே கோயில்தோறும் கந்தபுராணம் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அந்தச் சமூகத்தின் பண்பாட்டுக்கே கந்தபுராணக் கலாசாரம் என்று பேரிட்டார். காமதகனப் படலத்தைப் படிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர். சிவன் ஏன் எரித்தார் என்று யாருக்காவது உறுத்தினால் பயன் சொல்பவர் தீர்த்துவைப்பார்: எரிந்தது ஆசை, எரித்தது ஞானம், எல்லாம் அருள். ஐயம் அரும்புமுன் விடை வந்துவிடும். கூத்தில் பயன் சொல்பவர் இல்லை. இரதி கேட்டதற்கு மதன் எழுந்து வருவது மட்டுமே பதில். அதுவரை கேள்வி வெட்டவெளியில் நிற்கிறது.

இரதியின் புலம்பல் தோட்டத்தில் தோன்றியதென்று சொல்ல வரவில்லை. காளிதாசனின் குமாரசம்பவத்தில் நான்காம் சருக்கம் முழுக்க அவள் புலம்பல்தான். மாறியது கேட்கும் காது. தேவர்கள் என்ற மேலிடம் ஒரு வேலைக்கு ஆளை அனுப்புகிறது. போனவன் இன்னொரு மேலிடத்தின் கோபத்தில் சாகிறான். அனுப்பியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள், பெண்டாட்டி நடுத்தெருவில் நிற்கிறாள். கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் யார் யாரென்று யாரும் பொருள் சொல்லத் தேவையில்லை. இரதியின் வாயில் வரும் மெட்டு, சாவு வீட்டில் பெண்கள் வைக்கும் ஒப்பாரியின் மெட்டு. அவள் அழும்போது பார்க்கும் பெண்களும் அழுவார்கள், அவரவர் சாவை நினைத்து.

கூத்தின் முற்பகுதியில் நடப்பது இங்கே முக்கியம். மதன் புறப்படும்போது இரதி கெட்ட கனவு கண்டதைச் சொல்லித் தடுக்கிறாள். சிவனோடு மோதாதே, அவர் வல்லமை உனக்குத் தெரியாது என்கிறாள். மதன் கேட்கவில்லை. ஆக, சிவனின் ஆற்றலை முழுதாக நம்பியவள் இரதி. அலட்சியம் செய்தவன் மதன். பிறகு சிவனின் நியாயத்தைக் கேள்வி கேட்பவளும் அதே இரதி. அவள் ஐயம் நம்பிக்கை குறைந்ததால் வந்ததில்லை. வல்லவர் என்று நம்பியதால்தான் நல்லவரா என்று கேட்க நேர்ந்தது. மதனுக்கு அந்தக் கேள்வியே எழாது.

சுந்தரர் திருவொற்றியூரில் கண்ணிழந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் பெற்ற கதையில் அவர் சிவனைக் கடிந்து பாடியதும், பின்னாளில் காளமேகம் பாடிய நிந்தாஸ்துதியும் இதற்கு உறவு என்று சொல்லலாம். உறவுதான், ஆனால் தூரத்து உறவு. சுந்தரர் தோழர்; திட்டும் உரிமை அவருக்கு முன்னமே தரப்பட்டது. நிந்தாஸ்துதியில் ஏச்சு முடிவில் சிலேடையாகிப் புகழாகிவிடும். இரதியின் ஏச்சு எதுவாகவும் மாறுவதில்லை. மதன் எழுந்த பிறகும் அவனை எரித்தது நியாயம் என்று யாரும் நிறுவவில்லை. எரிந்தவன் திரும்பக் கிடைத்தான், அவ்வளவுதான். நியாயம் இன்னமும் பாக்கி.

5. அத்தாட்சி கேட்ட அரசு

சாமியிடம் பேரும் எல்லையும் கேட்ட இந்த மக்களிடம் 1948இல் அரசு அதே கேள்விகளைக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ அத்தாட்சி வேண்டும். லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புப் பத்திரமே அரிது. பாட்டன் பூட்டனுக்கு எங்கே போவது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பகிர்ந்தார்கள். குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

இரண்டு விசாரணைகளையும் அருகருகே வைப்பது வெறும் அணி நயத்துக்காக இல்லை. எல்லாச் சந்தேகமும் உறவை ஆழப்படுத்தும் என்று பொதுவாகச் சொல்வதன் அபாயம் இங்கேதான் தெரிகிறது. சாமியாடியிடம் 'நீ யாரு' என்று கேட்பவர், சரியான பதில் வந்தால் காலில் விழத் தயாராக நின்று கேட்கிறார். அரசு அலுவலகம் கேட்டது, பதில் வராது என்று தெரிந்து கேட்ட கேள்வி. முதல் ஐயத்தில் கேட்பவரும் தன்னைப் பணயம் வைக்கிறார்; இரண்டாவதில் கேட்கப்பட்டவர் மட்டுமே இழக்கிறார். ஐயம் வளப்படுத்துமா வறளச்செய்யுமா என்பதைத் தீர்மானிப்பது கேட்பவருக்கும் அதில் பங்கு உண்டா என்பதே.

6. மறுப்புகள்

முதல் மறுப்பு: இது ஐயமே இல்லை, ஐயத்தின் நடிப்பு, மதன் எழுவான் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். வலுவான மறுப்புத்தான். ஆனால் முடிவு தெரிந்த கதையில் அழுகிறவர் பொய்யாக அழுகிறார் என்று சொல்லிவிட முடியுமா? சடங்கு செய்வது, ஐயத்தைச் சொல்ல ஒரு மொழி தருவது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி மாரியம்மன் முன் மண்ணை வாரித் தூற்றி 'ஒனக்குக் கண்ணில்லையா' என்று கேட்கும்போது, அவள் பேச்சுக்கு இரதியின் பேச்சு முன்னுதாரணம். அவளை யாரும் நாத்திகி என்று சொல்வதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் விளக்கேற்ற வந்தால் ஆச்சரியப்படுவதுமில்லை.

கோட்பாட்டை எழுத்தில் கட்டிய சமயங்களில் இது இவ்வளவு எளிதில்லை. இலங்கைக் கத்தோலிக்கக் குரு திஸ்ஸ பாலசூரிய, 1990இல் வெளியான மரியாளும் மனித விடுதலையும் என்ற ஆங்கில நூலில் ஜென்மப்பாவக் கோட்பாட்டைக் கேள்விக்குள்ளாக்கினார். தனக்கென்று எழுதி அனுப்பப்பட்ட விசுவாச அறிக்கையில் கையெழுத்திட மறுத்து, பாப்பரசர் ஆறாம் பவுலின் விசுவாச அறிக்கையில் தன் குறிப்பொன்றைச் சேர்த்துக் கையெழுத்திட்டார். 1997 சனவரியில் சபைவிலக்கம். 1998 சனவரியில் அது நீக்கப்பட்டது. 2013இல் இறக்கும்வரை அவர் குருவாகவே இருந்தார். கூத்தில் ஐயம் ஒரு பாத்திரத்தின் வசனம். அங்கே அது ஒரு மனிதரின் கையெழுத்து. வசனம் பேசியவர் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், கையெழுத்திட்டவர் அப்படிப் போக முடியாது. துணிவு என்று பார்த்தால் பாலசூரியவின் ஐயமே பெரிது. ஊரே பங்கெடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஐயம் என்று பார்த்தால் கூத்தினுடையது.

இரண்டாவது மறுப்பு இடதுசாரிகளிடமிருந்து: சிவனைக் கேட்டுவிட்ட திருப்தியில் துரையைக் கேட்காமல் விட்டுவிடுவார்கள். வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. 1931இல் கோ. நடேசய்யர் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் ஹட்டனைத் தளமாகக் கொண்டு பெரியகங்காணிகளையும் துரைமாரையும் எதிர்த்தது. 1977 மே மாதம், தோட்டக் காணிகளைப் பறிப்பதற்கு எதிரான போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். டெவன் திம்புள்ளப் பகுதித் தோட்டம்தான். கூத்து பார்த்ததால் போராடினார்கள் என்று சொல்வது மிகை. கூத்து பார்த்தவர்கள் போராடவும் செய்தார்கள் என்பது போதும்.

சிவனொளிபாதமலையை இந்த இடத்தில் சான்றாகக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். 2,243 மீற்றர் உயரத்தில் உள்ள தடம் சிவனுடையதா, புத்தருடையதா, ஆதமுடையதா, தோமாவினுடையதா என்ற கேள்வியோடு எல்லோரும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள் என்று பயண நூல்கள் மெச்சும். எனக்கு அது ஐயத்தின் எடுத்துக்காட்டாகப் படவில்லை. ஏறுபவர் தன் விடையோடு ஏறித் தன் விடையோடு இறங்குகிறார். மற்றவர் விடையை அவர் விசாரிப்பதில்லை. நல்லிணக்கம் வேறு, ஐயம் வேறு.

இருக்கும் வரம்புகளில் கனமானது, ஐயப்படும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. சாமியாடியை விசாரிப்பவர்கள் ஆண்கள்; கோயில் கமிட்டியிலும் தோட்டத் தலைவரின் பக்கத்திலும் நிற்பவர்கள். தப்படிப்பவர் இல்லாமல் கூத்து இல்லை. ஆனால் அந்தக் கலையைச் சாதியோடு கட்டிப்போட்ட கோயில்களில் அவர் நின்ற இடம் நெடுங்காலம் வாசலுக்கு வெளியே. கோயில் கணக்கைக் கேட்பவர், யார் உள்ளே வரலாம் என்பதைக் கேட்பவர், சாமிக்குத்தம் செய்தவராகிவிடுவார். சிவனைக் கேள்வி கேட்கலாம், தர்மகர்த்தாவைக் கேட்கக்கூடாது என்ற இந்த விசித்திரத்தைத் திராவிட இயக்கத்தார் சரியாகவே பிடித்தார்கள். மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லில் இரதியையும் தர்மகர்த்தாவையும் சேர்த்துக் கட்டியதுதான் அவர்கள் தவறவிட்டது.

இரதி வேடம் ஆணுக்கே. கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஒப்பாரி அவர்களுடையது, இரதி அழும் மெட்டும் அவர்கள் சாவு வீடுகளில் வளர்த்தது. அந்த மெட்டை எடுத்துக்கொண்ட கூத்து அவர்களைக் கம்பத்துக்கு வெளியே பார்வையாளராக உட்காரவைத்தது. மலையகம் 200 நினைவுகூரல்கள் நடந்த 2023ஐ ஒட்டிக் காமன் கூத்தைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. பாதுகாக்க வேண்டிய கலை என்றார்கள். பாதுகாக்க வேண்டுமென்றால் எதை என்று கேட்டாக வேண்டும். வேடமும் தப்பும் மெட்டும் மேடையில் இரண்டு மணிநேரத்துக்குச் சுருங்கியும் பிழைத்துக்கொள்ளும். சிவனிடம் கேட்கும் அந்த உரிமை, அதை உண்மையில் கேட்டு வந்த பெண்களின் கைக்கு வருமா என்பதை மலையகத்தில் இனித்தான் ஆராய வேண்டும். அந்த ஆய்வைத் தொடங்கும் இடம் கூத்துக்களமாக இருக்க வேண்டியதில்லை, சாவு வீடாகவும் இருக்கலாம்.